விசைகள் யாருக்குச் சொந்தம்? மேக்ரோக்களின் கதையும் ஒரு வழக்கும்

மேக்ரோ என்ற சொல்லைக் கேட்டதும் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது எக்ஸெல் ஃபைலைத் திறந்ததும் மேலே தோன்றும் அந்த மஞ்சள் எச்சரிக்கைப் பட்டைதான். ஏதோ வைரஸ் சமாச்சாரம் என்று ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருப்பது ரொம்பச் சாதாரணமான ஓர் ஆசை. ஒரே விஷயத்தை நூறு தடவை தட்ட வேண்டியிருக்கிறது. ஒரு தடவை மட்டும் தட்டிவிட்டு மிச்சம் தொண்ணூற்றொன்பதை மெஷின் தலையில் கட்டிவிட முடியாதா?

இந்த ஆசையின் வரலாற்றைக் கொஞ்ச நாளாகக் குறிப்பெடுத்து வந்தேன். தொழில்நுட்ப வரலாறாகத்தான் ஆரம்பித்தேன். போகப் போக அது ஒரு வழக்கில் போய் முட்டியது. 1996 ஜனவரி 16 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த வழக்கில் நாலுக்கு நாலு என்று சரிபாதியாகப் பிரிந்து நின்றது. காரணம் எதையும் எழுதவில்லை. அந்த வழக்கில் சிக்கியிருந்தது இரண்டு கம்பெனிகளின் பணம் மட்டுமல்ல. ஆபீஸில் உட்கார்ந்து தினமும் ஒரே வரிசையில் விசைகளைத் தட்டியவர்கள், அந்த வரிசையை எழுதிச் சேர்த்து வைத்திருந்தார்கள். அந்த வரிசை யாருக்குச் சொந்தம் என்பதுதான் கேள்வி. அதில் கடைசியில் திருவண்ணாமலைக்கும் கொடைக்கானலுக்கும் கூட ஒரு தொடர்பு வருகிறது. வரிசையாகச் சொல்கிறேன்.

சுருக்கி அனுப்புவதும் விரித்துக்கொள்வதும்

திரும்பத் திரும்ப வருவதைச் சுருக்குவது கம்ப்யூட்டருக்கு முந்திய பழக்கம். தந்திக்காலத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் கை உழைப்பு உண்டு; வணிகத் தந்தி என்றால் ஒவ்வொரு சொல்லுக்கும் காசும் உண்டு. 1879-இல் வால்ட்டர் பிலிப்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகைத் தந்திக்காரர் செய்தி அனுப்புவதற்கென்றே ஒரு சுருக்கெழுத்துத் தொகுப்பை வெளியிட்டார். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தை இன்றும் ஆங்கிலப் பத்திரிகைகள் 'ஸ்கோட்டஸ்' என்று எழுதுவது அந்தத் தொகுப்பு விட்டுப்போன எச்சம்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தந்தியில் சுருக்குபவரும் மனிதர், மறுமுனையில் விரித்து எழுதுபவரும் மனிதர். மேக்ரோவில் விரிக்கும் வேலை மெஷினுக்குப் போகிறது. வித்தியாசம் இது ஒன்றுதான், ஆனால் பெரிய வித்தியாசம். மனிதர் விரிக்கும்போது கொஞ்சம் தப்பிருந்தாலும் ஊகித்துக்கொள்வார். மெஷின் ஊகிக்காது. எழுத்துக்கு எழுத்து சரியாக இருக்க வேண்டும். இந்த விறைப்புதான் பின்னால் வழக்கில் வந்து நிற்கப்போகிறது.

மேக்ரோ என்ற பெயர் 1950-களின் அசெம்பிளர்களிலிருந்து வந்தது. மெஷினுக்கான சின்னச் சின்ன ஆணைகள் பத்தை எழுத வேண்டிய இடத்தில் ஒரு 'பெரிய' ஆணையை எழுதினால் போதும், அசெம்பிளர் அதைப் பத்தாக விரித்துக்கொள்ளும். கிரேக்கத்தில் 'மேக்ரோ' என்றால் நீளமானது, பெரியது. 1960-இல் பெல் ஆய்வகத்தின் டக்ளஸ் மெக்கில்ராய் இந்த யோசனையை உயர்நிலை மொழிகளுக்கும் விரிவாக்கி ஒரு கட்டுரை எழுதினார். அதுவரை இது புரோகிராம் எழுதுபவர்களின் கருவி. தட்டச்சு செய்பவர்களின் கைக்கு அது எப்படி வந்தது?

எடிட்டரே மொழியானபோது

1962-இல் எம்.ஐ.டி.யில் டான் மர்ஃபி என்பவர் பி.டி.பி-1 கம்ப்யூட்டருக்காக டெக்கோ என்ற எடிட்டரை எழுதினார். அன்று புரோகிராம்கள் காகித நாடாவில் துளைகளாக இருந்தன. நாடாவில் ஒரு தப்பைத் திருத்த என்னென்ன செய்ய வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால், டெக்கோ அதைப் படித்துத் திருத்தி, புது நாடாவைத் துளைத்துத் தரும். ஆணைகள் எல்லாம் ஒற்றை எழுத்துகள். திரையைப் பார்த்துத் திருத்தும் வசதி ஆரம்பத்தில் கிடையாது.

ஒற்றை எழுத்தே ஆணை என்பதால் ஒரு விநோதம் நடந்தது. டெக்கோவில் 'தட்டுவது' வேறு, 'புரோகிராம் எழுதுவது' வேறு என்ற எல்லையே இல்லாமல் போனது. எழுத்துகளை வரிசையாகத் தட்டினால் அதுவே புரோகிராம். தன் சொந்தப் பெயரைத் தட்டினால் டெக்கோ என்ன செய்யும் என்று ஊகிப்பது அந்தக் காலத்து புரோகிராமர்களின் விளையாட்டாம்.

1970-களின் நடுவில் எம்.ஐ.டி. செயற்கை அறிவு ஆய்வகத்தில் டெக்கோவுக்கு ஒரு திரை முறை வந்தது. கார்ல் மிக்கெல்சன் அதை எழுதினார். ரிச்சர்ட் ஸ்டால்மன் அதில் ஒரு மாற்றம் செய்தார்: எந்த விசையை அழுத்தினாலும் நீங்கள் எழுதிய ஒரு டெக்கோ மேக்ரோ ஓடும்படி வைத்துக்கொள்ளலாம். உடனே ஆளாளுக்கு ஒரு மேக்ரோ தொகுப்பு எழுத ஆரம்பித்தார்கள். ஒருத்தருடைய டெர்மினலில் இன்னொருத்தர் உட்கார்ந்தால் எந்த விசை என்ன செய்யும் என்றே தெரியாது. இந்தக் குழப்பத்தை ஒழுங்குபடுத்த கை ஸ்டீல் முயன்றார், ஸ்டால்மன் முடித்தார். 1976-இல் வந்த அந்தத் தொகுப்புதான் ஈமாக்ஸ். பெயரே 'எடிட்டிங் மேக்ரோஸ்' என்பதன் சுருக்கம்.

ஈமாக்ஸில் இன்றும் உள்ள ஒரு வசதி நம் விஷயத்தின் மையம். கன்ட்ரோல்-எக்ஸ் அழுத்தி இடது அடைப்புக்குறியைத் தட்டினால் அந்த நொடியிலிருந்து நீங்கள் அழுத்தும் எல்லா விசையையும் அது குறித்துக்கொள்ளும். வலது அடைப்புக்குறி போட்டால் நிறுத்தும். கன்ட்ரோல்-எக்ஸ், 'ஈ' என்றால் அத்தனையையும் திரும்பத் தட்டும். நூறு தடவை செய் என்றாலும் செய்யும். இதற்கு நிரல்மொழி எதுவும் தெரிய வேண்டாம். உங்கள் கை செய்த வேலையே நிரல்.

ஸ்டால்மன் ஈமாக்ஸைக் கொடுக்கும்போது ஒரு நிபந்தனை வைத்தார்: நீங்கள் அதில் செய்யும் மேம்பாடுகளைத் திருப்பித் தர வேண்டும். விசை வரிசையும் பகிர வேண்டிய பொருள்தான் என்ற மனப்பான்மை அங்கேயே இருந்தது. இவர் பெயரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

விரலுக்கும் புரோகிராமுக்கும் நடுவில்

ஈமாக்ஸ் மேக்ரோ ஈமாக்ஸுக்குள் மட்டும் ஓடும். எல்லா புரோகிராமிலும் ஓடும் மேக்ரோ வேண்டும் என்றால் என்ன செய்வது? இதற்கு வழிவிட்டது 1981 ஆகஸ்டில் வந்த ஐ.பி.எம். பி.சி. அதை யாரும் மேக்ரோவுக்காக வடிவமைக்கவில்லை. கதவைப் பூட்டாமல் விட்டார்கள், அவ்வளவுதான்.

விளக்குகிறேன். நீங்கள் ஒரு விசையை அழுத்தியதும் விசைப்பலகை ஓர் எண்ணை அனுப்புகிறது. பிராசஸர் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்தி, 9-ஆம் எண் குறுக்கீட்டுக்கான சின்ன நிரலை ஓட்டுகிறது. அந்த நிரல் எண்ணை எழுத்தாக்கி ஒரு சிறு தொட்டியில் போடுகிறது. தொட்டியில் 15 விசைகளுக்குத்தான் இடம். அதற்கு மேல் தட்டினால் 'பீப்' என்று கத்தும். வேர்ட்ஸ்டாரோ டிபேஸோ எதுவாக இருந்தாலும், எழுத்து வேண்டும் என்றால் இன்னொரு குறுக்கீடு வழியாகத் தொட்டியில் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

எந்தக் குறுக்கீட்டுக்கு எந்த நிரல் என்ற அட்டவணை நினைவகத்தின் அடியில் முதல் 1,024 பைட்டில் இருந்தது. அதை எந்த புரோகிராமும் மாற்றி எழுதலாம். அனுமதி கேட்கத் தேவையில்லை. ஆகவே ஒரு குட்டி புரோகிராம் அந்த அட்டவணையில் தன் விலாசத்தை எழுதிவிட்டு, 'என் வேலை முடிந்தது' என்று டாஸிடம் சொல்லிவிட்டு, போகாமல் நினைவகத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். ரோஸ்சாஃப்ட் நிறுவனத்தின் புரோகீ இப்படித்தான் வேலை செய்தது. நீங்கள் ஆல்ட் விசையோடு ஓர் எழுத்தை அழுத்தினால், அது நடுவில் புகுந்து, அந்த ஓர் அழுத்தத்துக்குப் பதிலாக இருநூறு அழுத்தங்களை ஊட்டும். கேட்கும் புரோகிராமுக்கு விரல் தட்டியதா புரோகீ தட்டியதா என்று தெரியாது. தெரிந்துகொள்ள வழியே கிடையாது.

இதனால்தான் ஒரே மேக்ரோ கருவி எல்லா புரோகிராமுக்கும் பொருந்தியது. கடிதத்தின் கீழே வரும் விலாசம், ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் ஒரே மாதிரி மார்ஜின், டிபேஸில் தினமும் கேட்கும் அதே கேள்வி எல்லாமே ஒரு விசையில் அடங்கின. 1985-இல் போர்லண்ட் நிறுவனம் சூப்பர்கீ என்ற பெயரில் தானும் ஒன்றைக் கொண்டுவந்தது. இப்படி இரண்டு மூன்று குட்டி புரோகிராம்களை ஏற்றினால் யார் முதலில் குறுக்கே நிற்பது என்று அவற்றுக்குள் சண்டை வந்து மெஷின் உறைந்துபோவதும் அந்தக் கால அனுபவம்.

ஒரு நிமிஷம் தமிழுக்கு வருகிறேன், ஏனென்றால் தொடர்பு நேரடியானது. இ-கலப்பை நினைவிருக்கிறதா? அதன் ஆரம்பப் பதிப்புகள் கீமேன் என்ற மென்பொருளின் மேல் கட்டப்பட்டவை. அது செய்ததும் இதே வேலைதான்: விரலுக்கும் புரோகிராமுக்கும் நடுவில் உட்கார்வது. ரோமன் விசையில் 'எம்' தட்டினால் 'ம்' வரும். அடுத்து 'ஏ' தட்டினால் அந்தப் புள்ளி காணாமல்போய் 'ம' ஆகும். நீங்கள் தட்டாத ஓர் அழிப்பை நடுவில் இருப்பவர் செய்துவிடுகிறார். வேர்டுக்கோ பிரவுசருக்கோ அது தெரியாது. தமிழ் தெரியாத புரோகிராமில் கூட நாம் தமிழ் எழுத முடிந்தது இந்தப் பூட்டாத கதவு வழியாகத்தான்.

தட்டச்சுக்கு ஒரு மாற்று

1983 ஜனவரியில் லோட்டஸ் 1-2-3 வந்தது. மிட்ச் கேபோர் ஆரம்பித்த நிறுவனம்; நிரலை எழுதியவர் ஜொனதன் சாக்ஸ். விலை 495 டாலர். முதல் ஆண்டிலேயே நிறுவனத்தின் விற்பனை 5.3 கோடி டாலர். ஐ.பி.எம். பி.சி. வாங்குவதற்குக் காரணமே 1-2-3 தான் என்று சொல்லும் அளவுக்குப் போனது.

அதன் இயக்கமுறை எளிமையானது. சாய்கோடு ( / ) தட்டினால் மேலே மெனு வரும். ஒவ்வொரு ஆணைக்கும் முதல் எழுத்தைத் தட்டினால் போதும். ஒரு செல்லில் உள்ள எண்ணை இரண்டு தசம இடத்தோடு டாலராகக் காட்ட வேண்டுமா? சாய்கோடு, பிறகு ரேஞ்சுக்கு 'ஆர்', ஃபார்மேட்டுக்கு 'எஃப்', கரன்ஸிக்கு 'சி', பிறகு 2, பிறகு இரண்டு தடவை என்டர். பழகியவர்களுக்கு அது ஆணையாகவே தெரியாது. விரலில் ஏறிய ஜதி மாதிரி ஒரே ஓட்டத்தில் வரும்.

1-2-3-இல் மேக்ரோ என்பது அந்த ஓட்டத்தை அப்படியே ஒரு செல்லில் எழுதி வைப்பது. என்டருக்குப் பதில் அலைக்குறி ( ~ ). ஆக மேலே சொன்ன வேலை முழுக்க ஏழு குறிகள். அந்தச் செல்லுக்குப் பின்சாய்கோடும் ஓர் எழுத்துமாகப் பெயர் வைத்தால், ஆல்ட்டோடு அந்த எழுத்தை அழுத்தியதும் ஓடும். லோட்டஸின் கையேடு இதை 'தட்டச்சுக்கு ஒரு மாற்று' என்ற பொருளில்தான் அறிமுகப்படுத்தியது. நிரல் எழுதுவது என்று சொன்னால் கணக்கர்கள் பயந்துவிடுவார்கள் என்று நினைத்திருக்கலாம்.

ஆனால் உள்ளே நிரல் மொழி இருந்தது. சாய்கோடும் 'எக்ஸ்'-உம் சேர்ந்து ஆரம்பிக்கும் ஆணைகளில் நிபந்தனை பார்க்கலாம், வேறு செல்லுக்குத் தாவலாம், சொந்தமாக மெனு கூடக் காட்டலாம். பின்சாய்கோடும் பூஜ்யமும் என்று பெயர் வைத்தால் ஃபைலைத் திறந்ததும் தானாக ஓடும். கணக்கர்களும் கிளார்க்குகளும் பட்ஜெட் போடுபவர்களும், தங்களை புரோகிராமர் என்று ஒருநாளும் சொல்லிக்கொள்ளாதவர்கள், இதை வைத்து முழு அமைப்புகளையே கட்டினார்கள்.

இங்கேதான் விஷயம் திரும்புகிறது. அந்த மேக்ரோவில் உள்ள எழுத்துகள் எல்லாம் லோட்டஸ் மெனுவின் முதலெழுத்துகள். 'காப்பி' என்ற ஆணைக்கு வேறு பெயர் வைத்தால், அல்லது அதை வேறு மெனுவுக்குள் நகர்த்தினால், நேற்றுவரை ஓடிய மேக்ரோ இன்று வேறு எதையோ அழித்துவைக்கும். திரையில் வெறும் மெனுவாக இருந்தது, மேக்ரோக்கள் சேரச் சேர, ஒரு மொழியின் இலக்கணமாகிவிட்டது. வேறு கம்பெனியின் ஸ்ப்ரெட்ஷீட் எவ்வளவு நன்றாக இருந்தாலும், எவ்வளவு மலிவாக இருந்தாலும், அந்த மெனு அதில் இல்லையென்றால் உங்கள் சொந்த மேக்ரோக்கள் குப்பை.

கொடைக்கானலில் படித்தவர்

மலிவு ஸ்ப்ரெட்ஷீட்டைக் கொண்டுவந்தவர் ஆடம் ஆஸ்பார்ன். 1981-இல் ஆஸ்பார்ன் 1 என்ற, கையில் தூக்கிப்போகக்கூடிய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தாரே, அவர்தான். சுமார் 11 கிலோ, 1,795 டாலர். இரண்டே வருஷத்தில் அந்த நிறுவனம் திவாலானது. 

அவர் 1939-இல் பாங்காக்கில் பிறந்தவர். தந்தை ஆர்தர் ஆஸ்பார்ன் ரமண மகரிஷியின் பக்தர். ரமணாசிரமத்தின் 'தி மௌன்டன் பாத்' இதழை 1964-இல் ஆரம்பித்தவர். போர்க்காலத்தில் தந்தை ஜப்பானியர்களின் முகாமில் அடைபட்டிருந்தபோது, குழந்தைகளும் தாயும் திருவண்ணாமலையில் இருந்தார்கள். ஆடம் கொடைக்கானலில் பள்ளிக்கூடம் போய், பதினொரு வயது வாக்கில் இங்கிலாந்துக்குப் போனார்.

1984-இல் அவர் பேப்பர்பேக் சாஃப்ட்வேர் என்ற நிறுவனத்தை ஆரம்பித்தார். பெயரே கொள்கை: கெட்டி அட்டைப் புத்தகம் வாங்க முடியாதவர்களுக்குப் பேப்பர்பேக் மாதிரி, மென்பொருளும் மலிவாக வர வேண்டும். அவருடைய வி.பி. பிளானர் சுமார் 100 டாலர். 1-2-3 எப்படி இயங்குமோ அப்படியே, விசைக்கு விசை இயங்கும் என்று அதன் கையேடே சொன்னது. 1987-இல் லோட்டஸ் வழக்குப் போட்டது.

ஆஸ்பார்ன் தரப்பின் வாதங்களில் ஒன்று மேக்ரோ. வாடிக்கையாளர்கள் ஏற்கெனவே எழுதிய மேக்ரோக்கள் ஓட வேண்டும். அதற்கு மெனு அதே வரிசையில் இருந்தாக வேண்டும். நீதிபதி ராபர்ட் கீட்டன் 1990 ஜூன் 28 அன்று இதை நிராகரித்தார். மெனு அமைப்பு லோட்டஸின் படைப்பு, பதிப்புரிமைக்கு உட்பட்டது என்றார். மேக்ரோ ஓட வேண்டும் என்றால் மொழிபெயர்ப்புக் கருவி ஒன்றை எழுதலாமே, மற்றவர்கள் அப்படிச் செய்யவில்லையா என்பது அவர் பதில். வி.பி. பிளானரின் கதை அதோடு முடிந்தது. உடல்நலம் குன்றிய ஆஸ்பார்ன் 1992-இல் இந்தியா திரும்பினார். 2003 மார்ச் 18 அன்று கொடைக்கானலிலேயே காலமானார்.

கீட்டனின் பதில் முதலில் கேட்கும்போது நியாயமாகத்தான் படுகிறது. திருப்பித் திருப்பி யோசித்தபிறகு எனக்கு அதில் ஒரு ஓட்டை தெரிகிறது. மேக்ரோவில் இருப்பது ஆணை அல்ல, விசை. ஒரு மேக்ரோ மெனுவின் நடுவில் நின்றுவிட்டு, மிச்சத்தை உங்கள் விரலுக்கு விடலாம். இன்னொரு மேக்ரோ மெனுவின் நடுவிலிருந்தே ஆரம்பிக்கலாம். 1985-இல் வந்த இரண்டாம் பதிப்பிலிருந்து, மேக்ரோ உள்ள செல்லிலேயே ஃபார்முலா போட்டு, ஓடும் நேரத்தில் எழுத்துகளை மாற்றவும் முடிந்தது. இப்படிப்பட்டதை முன்கூட்டியே முழுசாக மொழிபெயர்த்து வைக்க முடியாது. ஓடும்போதே ஒவ்வொரு விசையாகப் படித்துப் பொருள் சொல்ல வேண்டும். அதற்கு அந்த மெனு மரம் முழுவதும் எங்காவது இருந்தே ஆக வேண்டும்.

போர்லண்ட் வழக்கு

பேப்பர்பேக் தீர்ப்பு வந்து நாலாம் நாள், 1990 ஜூலை 2 அன்று, லோட்டஸ் போர்லண்ட் மேல் வழக்குப் போட்டது. போர்லண்டின் ஸ்ப்ரெட்ஷீட் குவாட்ரோ. அதற்குச் சொந்த மெனு இருந்தது. வேண்டுமானால் லோட்டஸ் மெனுவுக்கு மாறிக்கொள்ளும் வசதியும் இருந்தது. லோட்டஸின் நிரலில் ஒரு வரியையும் போர்லண்ட் நகலெடுக்கவில்லை. எடுத்தது சொற்களையும் வரிசையையும் மட்டுமே: 50-க்கு மேற்பட்ட மெனுக்களில் 469 ஆணைகள்.

1992 ஜூலை 31 அன்று கீட்டன் மறுபடி லோட்டஸ் பக்கம் தீர்ப்பளித்தார். போர்லண்ட் லோட்டஸ் மெனுவை எடுத்துவிட்டது. ஆனால் 'கீ ரீடர்' என்ற பகுதியை வைத்துக்கொண்டது. திரையில் எதுவும் தெரியாது. பயனர் எழுதிய பழைய மேக்ரோ ஒன்றில் சாய்கோடு வந்தால் மட்டும் அது விழித்துக்கொண்டு, அடுத்து வரும் எழுத்துகளைப் படித்து, அவற்றுக்கு ஈடான குவாட்ரோ வேலையைச் செய்யும். அதற்குள் இருந்தது மெனு மரத்தின் முதலெழுத்துகள் மட்டுமே. 1993 ஆகஸ்டில் அதுவும் மீறல்தான் என்று கீட்டன் சொன்னார். மொழிபெயர்த்துக்கொள் என்றவரே, ஓடும்போது மொழிபெயர்ப்பதையும் தடுத்தார் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

இதற்கிடையே தெருவிலும் ஒரு சத்தம் கேட்டது. மாசசூசெட்ஸ் கேம்பிரிட்ஜில் லோட்டஸ் அலுவலகத்தின் முன் புரோகிராமர்கள் பதாகைகளோடு மறியல் செய்தார்கள். பதினாறின் அடுக்கில் எண்ணிக்கை சொல்லிக் கோஷம் போட்டார்கள். 9-க்கு அப்புறம் 'ஏ, பி, சி' என்று போகும் அல்லவா, அது. நடத்தியது நிரலாக்கச் சுதந்திரத்துக்கான ஓர் அமைப்பு. அதை முன்னின்று நடத்தியவர் ஈமாக்ஸ் எழுதிய அதே ஸ்டால்மன்.

மேல்முறையீட்டில் 1995 மார்ச் 9 அன்று எல்லாம் தலைகீழானது. நீதிபதி நார்மன் ஸ்டால் எழுதிய தீர்ப்பு மெனுவை ஓர் 'இயக்கும் முறை' என்றது. அமெரிக்கச் சட்டப்படி அதற்குப் பதிப்புரிமை கிடையாது. வி.சி.ஆர். பெட்டியில் உள்ள பட்டன்களோடு அதை ஒப்பிட்டார். மேக்ரோவையும் எடுத்துப் பேசினார்: பல புரோகிராம்களைப் பயன்படுத்தும் ஒருவர், ஒரே வேலையை ஒவ்வொன்றிலும் வெவ்வேறு விதமாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அபத்தம் என்பது அவர் வாதத்தின் சாரம்.

எனக்கு இன்னும் பிடித்தது நீதிபதி மைக்கேல் பூடின் தனியாக எழுதிய குறிப்பு. அவர் தட்டச்சுப் பலகையின் எழுத்து வரிசையை உதாரணம் காட்டினார். அந்த வரிசைக்கு ஒருவர் தனியுரிமை வைத்திருந்தால், அதில் பழகிய ஒவ்வொரு தட்டச்சரும் அவருக்குக் கைதி. புதிதாக வரும்போது ஒரு மெனு அதைச் செய்தவரின் படைப்பாக இருக்கலாம். நாளாக ஆக அதன் மதிப்பு, அதைக் கற்றவர்களும் அதை நம்பி மேக்ரோ எழுதியவர்களும் போட்ட உழைப்பில் வந்து நிற்கிறது. அந்த உழைப்பு லோட்டஸுடையது அல்ல. இவ்வளவையும் சில பக்கங்களில் சொல்லிவிட்டார்.

உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஸ்டீவன்ஸ் பங்கேற்காததால் எட்டு பேர். நாலுக்கு நாலு. அப்படிப் பிரிந்தால் கீழ்த்தீர்ப்பு நிற்கும், ஆனால் நாடு முழுக்கச் செல்லும் முன்னுதாரணம் ஆகாது. போர்லண்ட் ஜெயித்தது. ஆனால் அதற்குள் குவாட்ரோவை 1994-இலேயே நோவெலுக்கு விற்றுவிட்டிருந்தது. லோட்டஸையே 1995-இல் ஐ.பி.எம். வாங்கிவிட்டது. சந்தை விண்டோஸுக்கும் எக்ஸெலுக்கும் போயிருந்தது. ஐந்தரை வருஷம் சண்டை போட்டுத் தீர்ப்பு வாங்கியபோது, சண்டைக்குக் காரணமான பொருளை வாங்க ஆளில்லை.

மிச்சம் இருப்பது

வழக்கு வீண் என்று சொல்ல மாட்டேன். 2021-இல் கூகுளுக்கும் ஆரக்கிளுக்கும் நடந்த வழக்கில், ஜாவா மொழியின் ஆணைப்பெயர்களை நகலெடுத்தது நியாயமான பயன்பாடு என்று அதே உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி பிரேயர், பூடினின் குறிப்பை மேற்கோளாக எடுத்தார். கற்றுக்கொண்டவர்களின் உழைப்புக்கும் கணக்கு உண்டு என்ற எண்ணம் கால் நூற்றாண்டு கழித்து உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மைத் தீர்ப்பில் ஏறியது. கணக்கர்களின் மேக்ரோவிலிருந்து அது வந்தது என்பதை அன்று செய்தி படித்தவர்களில் எத்தனை பேர் கவனித்தார்கள் என்று தெரியவில்லை.

பூட்டாத கதவின் கதை வேறு விதமாகப் போனது. விண்டோஸ் 3.0-வோடும் 3.1-ஓடும் 'ரெக்கார்டர்' என்ற ஒரு குட்டிக் கருவி கூடவே வந்தது. விசைகளைப் பதிந்து எந்த புரோகிராமிலும் திரும்ப ஓட்டும். விண்டோஸ் 95-இல் அதைக் காணோம். பிறகு ஒவ்வொரு புரோகிராமும் தனக்கென்று ஒரு மேக்ரோ மொழி வைத்துக்கொண்டது. புரோகிராம்களுக்கு இடையே ஓடும் மேக்ரோ ஆர்வலர்களின் கைக்குப் போனது. 2003-இல் கிறிஸ் மாலெட் ஆரம்பித்த ஆட்டோஹாட்கீ அதில் முக்கியமானது. இலவசம், மூலநிரல் திறந்தது. புரோகீ செய்த அதே வேலையை இன்றைய விண்டோஸில் செய்கிறது.

இந்த வரலாற்றிலிருந்து எனக்கு நான் எடுத்துக்கொண்ட ஒரு நடைமுறை விதி உண்டு. ஒரு புரோகிராமுக்குள் மட்டும் வாழும் மேக்ரோவை, எவ்வளவு வசதியாக இருந்தாலும், இரவல் பொருளாகத்தான் நினைக்கிறேன். அது எதற்காக, எந்த வரிசையில், என்ன செய்கிறது என்று சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் தமிழிலேயே நாலு வரி எழுதி வைக்கிறேன். நாளைக்கு அந்த புரோகிராம் போய்விட்டால் விசைகள் போகும், வேலையின் வரிசை என்னிடம் இருக்கும். ஆபீஸில் பத்து வருஷமாக ஓடும் எக்ஸெல் மேக்ரோக்களை நம்பி இருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். எழுதியவர் ஓய்வு பெறுவதற்கு முன்னால் அவரிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

கம்ப்யூட்டரில் எக்ஸெல் இருந்தால் ஒன்று செய்து பாருங்கள். ஏதாவது ஒரு காலி செல்லில் நின்றுகொண்டு சாய்கோடு மட்டும் தட்டுங்கள். அந்தக் குறி செல்லில் விழாது. மேலே உள்ள ஒவ்வொரு தலைப்பின் மேலும் ஓர் எழுத்து தோன்றும், அடுத்த எழுத்துக்காகக் காத்திருக்கும். லோட்டஸில் விரல் பழகியவர்கள் தடுமாறக் கூடாது என்று மைக்ரோசாஃப்ட் போட்டு வைத்த விசை அது. 1-2-3 விற்பனையிலிருந்தே போய்விட்டது. அதைக் கற்றவர்களின் விரல் பழக்கத்துக்கு மட்டும் எக்ஸெல் இன்னும் இடம் விட்டு வைத்திருக்கிறது.